தூரிகையின் குறிமொழி

நுழையும்முன்

வாய்விட்டுச் சொல்ல இயலாத துயரங்கள் சில உண்டு. சொன்னால் தண்டிக்கப்படும் உண்மைகளும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடமளிக்கும் கலைகளுள் ஓவியம் முதன்மையானது. முறிந்த ஒரு தூண், கதறும் ஒரு குதிரை, காத்திருக்கும் ஒரு காகம் ஆகியவை பக்கம் பக்கமாக எழுதவேண்டியதை ஒரு நொடியில் உணர்த்திவிடுகின்றன. தனிமனிதரின் வலியும் சமூகத்தின் போராட்டமும் ஓவியத்தில் குறியீடுகளாக மாறும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

குறியீடு என்பது யாது?

ஒரு பொருள் தன்னைச் சுட்டுவதோடு நில்லாமல், தன்னைக் கடந்த வேறொன்றையும் உணர்த்தி நிற்குமாயின் அதனைக் குறியீடு என்கிறோம். புறா ஒரு பறவை. அதுவே அமைதியின் அடையாளமாகும்போது குறியீடாகிறது. தமிழ் மாணவர்க்கு இக்கருத்து புதியதன்று. மருதத்திணைப் பாடல்களில் பொய்கையில் பூத்த தாமரையை எருமை மேய்வதாக வரும் காட்சி, தலைவியை வருந்தவிட்டுப் பரத்தையரை நாடும் தலைவனைக் குறிப்பால் உணர்த்துவதாகக் கொள்ளப்படும். வெளிப்படையாகச் சொல்ல முடியாததைக் கருப்பொருளின்மீது ஏற்றிச் சொல்லும் இவ்வுத்தியை இலக்கண நூலார் உள்ளுறை என்றனர்.

கவிஞர் சொல்லால் செய்வதை ஓவியர் வடிவத்தாலும் வண்ணத்தாலும் செய்கிறார். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பொருள் தருவன. ஓவியமோ அனைத்தையும் ஒரே நேரத்தில் கண்முன் நிறுத்துகிறது. எனவே ஓவியத்தில் எது எங்கே அமைந்துள்ளது, எது பெரியது, எது சிறியது, எந்த வண்ணம் உள்ளது, எந்த வண்ணம் விலக்கப்பட்டுள்ளது என்பன யாவும் பொருளுடையவை ஆகின்றன.

ஓவியக் குறியீடுகளை இருவகையாகப் பிரித்து நோக்கலாம். ஒரு பண்பாட்டினர் அனைவரும் அறிந்து வழங்குவன மரபுக் குறியீடுகள். ஓவியர் தம் வாழ்வனுபவத்திலிருந்து தாமே உருவாக்கிக்கொள்வன தனிக் குறியீடுகள். சிறந்த ஓவியர்கள் பலர் மரபுக் குறியீட்டை எடுத்துத் தம் அனுபவத்தில் தோய்த்துப் புதுப்பொருள் ஏற்றியுள்ளனர்.

உடலே களமாக

மெக்சிகோ நாட்டு ஓவியர் பிரிடா காலோ 1907ஆம் ஆண்டு கோயோகான் என்னும் ஊரில் பிறந்தார். ஆறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டு அவரது வலக்கால் மெலிந்தது. 1925ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், பதினெட்டு வயதில், அவர் சென்ற பேருந்தின்மீது டிராம் வண்டி ஒன்று மோதியது. இரும்புக் கைப்பிடிக் கம்பி அவருடலைத் துளைத்தது. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் முறிந்தன. மருத்துவம் பயில விரும்பிய அப்பெண் பல திங்கள் படுக்கையில் கிடந்தார். படுத்தபடியே வரைவதற்கு ஏற்ற ஓவியத்தாங்கியும், தலைக்கு மேலே கண்ணாடியும் அமைத்துத் தரப்பட்டன. கண்ணாடியில் தெரிந்த தம் முகத்தையே அவர் வரையத் தொடங்கினார். அவருடைய ஓவியங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தன்னுருவ ஓவியங்களாக அமைந்ததன் பின்னணி இதுவே.

1944இல் அவர் வரைந்த ‘முறிந்த தூண்’ என்னும் ஓவியத்தில் அவரது உடல் நடுவே பிளந்து காட்டப்பட்டுள்ளது. முதுகெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் பல துண்டுகளாக உடைந்த பழங்காலக் கற்றூண் ஒன்று நிற்கிறது. சிதறவிருக்கும் உடலைப் பட்டைகள் கொண்ட கச்சை ஒன்று சேர்த்துப் பிடித்திருக்கிறது. முகத்திலும் உடலிலும் ஆணிகள் தைத்திருக்கின்றன. பின்னணியில் வெடித்துப் பிளந்த வறண்ட நிலம் விரிகிறது. கண்களில் நீர் வழிந்தாலும் பார்வை தாழவில்லை. காண்போரை நேருக்கு நேர் நோக்குகிறது.

இங்குத் தூண் என்பது வெறும் உவமை அன்று. ஒரு கட்டடம் நிற்கத் தூண் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாததே உடலுக்கு முதுகெலும்பு. தூண் முறிந்த பின்னும் கட்டடம் விழாமல் நிற்பதே ஓவியத்தின் உட்பொருள். நிலத்தின் வெடிப்பும் உடலின் பிளவும் ஒன்றையொன்று எதிரொலிக்கின்றன. ‘எனக்கு வலிக்கிறது’ என்னும் சொற்றொடர் எல்லார்க்கும் பொதுவானது. ஆனால், இந்தத் தூணும் ஆணிகளும் அவருக்கே உரிய வலியை அவருக்கே உரிய வடிவில் நமக்குத் தருகின்றன.

1939இல் கணவரும் சுவரோவியருமான டியேகோ ரிவேராவிடமிருந்து மணவிலக்குப் பெற்ற காலத்தில் வரைந்தது ‘இரு பிரிடாக்கள்’ என்னும் பெரிய ஓவியம். இருண்ட முகில்கள் திரண்ட வானத்தின்கீழ் இரு பெண்கள் கைகோத்து அமர்ந்திருக்கின்றனர். இருவரும் பிரிடாவே. ஒருவர் ஐரோப்பியப் பாணி வெண்ணிற ஆடையில் இருக்கிறார். மற்றவர் மெக்சிகோவின் தெவான்தெபெக் பகுதிப் பெண்களின் மரபுடையை அணிந்துள்ளார். இருவர் இதயங்களும் வெளியே தெரிகின்றன. ஒரே இரத்தக்குழாய் அவற்றை இணைக்கிறது. மரபுடை அணிந்தவர் கையில் ரிவேராவின் சிறிய உருவப்படம் உள்ளது. வெண்ணிற ஆடை அணிந்தவரோ இடுக்கியால் குழாயின் முனையை அழுத்திப் பிடித்தும், குருதி ஆடையில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

பிரிடாவின் தந்தை செருமனியில் பிறந்தவர். தாய் மெக்சிகோ மண்ணின் மகள். புரட்சிக்குப்பின் தன் வேர்களைத் தேடிக்கொண்டிருந்த மெக்சிகோவில், ஐரோப்பிய ஆடையா, மண்ணின் ஆடையா என்பது உடுத்தும் விருப்பம் மட்டுமன்று. தான் யார் என்னும் வினாவும் ஆகும். எனவே மணமுறிவின் துயரத்தைச் சொல்லும் இவ்வோவியம் ஒரு நாட்டின் அடையாளத் தேடலையும் உடன் சொல்கிறது. தனிமனிதத் துயரமும் சமூகத் துயரமும் இருவேறு அறைகளில் வாழ்வதில்லை என்பதற்கு இது சான்று.

பிரிடாவின் ஓவியங்களைக் கண்ட பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்திரே பிரெத்தோன் அவரை மீமெய்மையியல் ஓவியர் என்றார். பிரிடா அதனை ஏற்கவில்லை. தாம் கனவுகளை அன்று, தம் வாழ்வின் உண்மையையே வரைவதாக அவர் கருதினார். இம்மறுப்பு கருதத்தக்கது. குறியீடு உண்மையிலிருந்து விலகிச் செல்லும் வழியன்று. உண்மைக்கு மேலும் நெருங்கிச் செல்லும் வழி.

ஒரு நகரின் அலறல்

தன்னுடலின் துயரத்தைப் பிரிடா வரைந்தார். ஓர் ஊரே பட்ட துயரத்தை எவ்வாறு வரைவது? இவ்வினா 1937இல் ஸ்பெயின் நாட்டு ஓவியர் பாப்லோ பிகாசோவின் முன் நின்றது.

அப்போது ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசு அரசுக்கு எதிராகத் தளபதி பிராங்கோவின் படைகள் போரிட்டன. 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், பிராங்கோவுக்குத் துணையாக வந்த செருமானிய, இத்தாலிய விமானங்கள் பாசுக் பகுதியிலுள்ள குவெர்னிகா என்னும் சிற்றூரின்மீது குண்டுகளைப் பொழிந்தன. அன்று திங்கட்கிழமை; சந்தை கூடும் நாள். ஏறத்தாழ மூன்று மணிநேரத் தாக்குதலில் ஊரின் பெரும்பகுதி எரிந்து அழிந்தது.

அவ்வாண்டு பாரிசில் நடந்த பன்னாட்டுப் பொருட்காட்சியின் ஸ்பெயின் அரங்கிற்காகச் சுவரோவியம் ஒன்று வரைந்து தருமாறு பிகாசோவைக் குடியரசு அரசு முன்னரே கேட்டிருந்தது. குவெர்னிகாவின் அழிவைச் செய்தித்தாள்களில் கண்ட அவர், மே முதல் நாள் அதற்கான வரைவுகளைத் தொடங்கினார். ஐந்து வாரங்களில் ஓவியம் உருப்பெற்றது. ஏறத்தாழ 3.5 மீட்டர் உயரமும் 7.8 மீட்டர் அகலமும் கொண்ட அப்பெருங்கித்தானில் கருமை, வெண்மை, சாம்பல் ஆகிய நிறங்களே இடம்பெற்றன.

ஓவியத்தில் விமானம் இல்லை, குண்டு இல்லை, பகைவர் எவரும் இல்லை. இடப்புறம் இறந்த குழந்தையை ஏந்தி வானை நோக்கி அலறுகிறாள் ஒரு தாய். அவளுக்குப் பின்னே ஒரு காளை நிற்கிறது. நடுவில் ஈட்டி பாய்ந்த குதிரை வாய்பிளந்து கதறுகிறது. அதன் காலடியில் உடல் சிதைந்த வீரன் ஒருவன் கிடக்கிறான். அவன் கையில் உடைந்த வாள். அதனருகே ஒரு சிறு மலர். மேலே கண் போன்ற வடிவில் மின்விளக்கு எரிகிறது. சாளரத்தின் வழியே ஒரு பெண் கைவிளக்கை நீட்டுகிறாள். வலக்கோடியில் தீயின் நடுவே ஒருவர் கைகளை உயர்த்தி அலறுகிறார்.

இவை ஒவ்வொன்றும் வினா எழுப்புகின்றன. வண்ணங்கள் ஏன் விலக்கப்பட்டன? அழிவைப் பற்றிய செய்தி, செய்தித்தாளின் கறுப்பு வெள்ளையில் உலகை அடைந்தது. குதிரையின் உடலிலும் அச்செழுத்து வரிகளைப் போன்ற சிறு கோடுகள் உள்ளன. இரு விளக்குகள் எதற்கு? கண்ணெனத் தோன்றும் மின்விளக்கு உணர்ச்சியின்றி மேலிருந்து நோக்குகிறது. கைவிளக்கோ மனிதக் கை ஏந்தி வந்த ஒளி. உடைந்த வாளருகே மலர் ஏன்? அழிவின் அடியிலும் உயிர்ப்பு மிஞ்சும் என்னும் நம்பிக்கையை அதில் காணலாம். வீரன் உயர்த்திய முட்டியோடு தோன்றுமாறு தொடக்கத்தில் வரைந்த பிகாசோ, பின்னர் அதனை நீக்கிவிட்டார். ஓர் அணியின் முழக்கமாக நின்றுவிடாமல், போரில் துன்புறும் மக்கள் அனைவரின் அலறலாக ஓவியம் விரிந்ததற்கு இம்மாற்றமும் ஒரு காரணம் எனலாம்.

காளையும் குதிரையும் எவற்றைக் குறிக்கின்றன எனப் பலர் பிகாசோவிடம் வினவினர். குதிரை மக்களையும் காளை கொடுமையையும் குறிப்பதாக அவர் ஒருமுறை கூறினார். வேறொருமுறை, காளை காளைதான், குதிரை குதிரைதான் என்னும் பொருள்பட விடையிறுத்தார். இது முரண்பாடு போலத் தோன்றினும், குறியீட்டின் இயல்பை நன்கு காட்டுகிறது. ‘இதற்கு இதுவே பொருள்’ என முடிந்துவிட்டால் அது குறியீடாக நில்லாது. வெறும் அடையாளச் சின்னம் ஆகிவிடும்.

ஸ்பெயினில் மக்களாட்சி மலரும்வரை இவ்வோவியம் அந்நாட்டிற்குச் செல்லலாகாது என்பது பிகாசோவின் விருப்பம். நெடுங்காலம் நியூயார்க்கில் இருந்த ஓவியம், அவர் மறைந்து எட்டாண்டுகளுக்குப்பின், 1981இல் தாயகம் சேர்ந்தது. இன்று மாட்ரிட் நகரின் ரெய்னா சோபியா அருங்காட்சியகத்தில் உள்ளது.

தெரிந்து தெளிவோம்

குவெர்னிகா ஓவியத்தைப் போன்றே நெய்யப்பட்ட பெரிய நெசவோவியம் ஒன்று, நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையின் பாதுகாப்பு மன்றத்திற்கு வெளியே 1985 முதல் தொங்கியது. 2003இல், ஈராக் போர் தொடங்குவதற்கு முன், போரை ஆதரித்து அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அங்குப் பேசவந்த வேளையில், அது நீலத்திரையிட்டு மறைக்கப்பட்டது. 66 ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட ஒரு குதிரையின் கதறல் அன்றும் ஓயவில்லை என்பதை அத்திரை உலகுக்குச் சொல்லாமல் சொன்னது.

பசியும் காகமும்

1943இல் வங்கத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. இரண்டாம் உலகப்போரில் பர்மாவைச் சப்பான் கைப்பற்றியதால் அங்கிருந்து அரிசி வருவது நின்றது. 1942இல் வீசிய புயல் பயிர்களை அழித்தது. போர்க்கால விலையேற்றமும் பதுக்கலும் ஆங்கில அரசின் கொள்கைகளும் சேர்ந்து ஏழைகளின் கைக்கு எட்டாத பொருளாக அரிசியை ஆக்கின. இருபது முதல் முப்பது இலட்சம் வரையிலான மக்கள் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. உணவைத் தேடிச் சிற்றூர் மக்கள் கல்கத்தாவின் தெருக்களில் வந்து வீழ்ந்தனர்.

அந்நகரின் கலைப்பள்ளியோடு தொடர்புடைய இளம் ஓவியர் ஜைனுல் ஆபிதீன் தெருக்களில் தாம் கண்டவற்றை வரைந்தார். விலைமலிந்த தாளும் கருமையும் தூரிகையுமே அவருடைய கருவிகள். நுணுக்கமான விளிம்புகளோ நிழல் வேலைப்பாடுகளோ அவற்றில் இல்லை. வறண்ட தூரிகையின் சில இழுப்புகளில் எலும்பும் தோலுமான தாயும் பிள்ளையும் தோன்றுகின்றனர். அவர்களருகே காகங்கள்.

காகம் வங்கத் தெருக்களில் அன்றாடம் காணும் பறவை. ஓவியர் அதனைக் கற்பனையால் கொண்டுவரவில்லை. எனினும் மனிதர் ஒரு பருக்கைக்கு ஏங்கிக் கிடக்கும் இடத்தில், கொழுத்த காகம் பொறுமையோடு காத்திருக்கும் காட்சி, பிறர் சாவில் தன் பசியாற்றுவோர் அனைவரையும் நினைவூட்டிவிடுகிறது. காட்சியில் இயல்பாக உள்ள ஒரு பொருளே, வைக்கப்படும் இடத்தாலும் அளவாலும் குறியீடாக உயர முடியும் என்பதற்கு இக்கோட்டோவியங்கள் எடுத்துக்காட்டு.

அதே பஞ்சத்தை மேதினிப்பூர்ப் பகுதியில் நடந்து கண்டு, எழுத்தாலும் கோட்டோவியங்களாலும் பதிவு செய்தவர் சித்தபிரசாத். ‘பசித்த வங்கம்’ எனப் பொருள்படும் தலைப்பில் அவை நூலாக வெளிவந்தபோது, ஆங்கில அரசு படிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. கையில் தூரிகை மட்டுமே கொண்ட ஒருவரைக் கண்டு ஒரு பேரரசு அஞ்சியது.

கட்டுண்ட காளை

நாட்டுப் பிரிவினைக் காலமான 1947இல் பம்பாயில் கலவரம் மூண்டது. தம் வீட்டுச் சாளரத்தின் வழியே, கீழே தெருவில் ஒருவரைக் கூட்டம் அடித்துக் கொன்றதை இளைஞர் ஒருவர் கண்டார். அவர்தாம் பின்னாளில் இந்தியாவின் முன்னணி ஓவியர்களுள் ஒருவராக விளங்கிய தையப் மேத்தா. அக்காட்சி அவரை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை. ஆயினும் அக்கொலையைக் கண்டவாறே அவர் வரையவில்லை. தலைகீழாக விழும் மனிதன், கால்கள் பிணிக்கப்பட்ட காளை ஆகிய இரு உருவங்களை அவர் மீண்டும் மீண்டும் தீட்டினார்.

காளை ஆற்றலின் வடிவம். வெட்டுக்களத்தில் கால்கள் கட்டப்பட்டு வீழ்த்தப்படும்போது அவ்வாற்றல் எதற்கும் பயன்படாமல் போகிறது. தம் ஆற்றலை வெளிப்படுத்த வழியின்றிக் கட்டுண்டு கிடக்கும் மக்களை அவர் அதில் கண்டார். பாந்திராவின் வெட்டுக்களக் காட்சிகளைக் கொண்டு 1970இல் அவர் இயக்கிய குறும்படத்திற்கு இட்ட பெயர் ‘கூடல்’ என்னும் தமிழ்ச்சொல் என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி.

பிகாசோவின் காளையையும் மேத்தாவின் காளையையும் அருகருகே வைத்து நோக்குக. ஒன்று அழிவின் நடுவே அசையாது நிற்கிறது. மற்றொன்று கட்டுண்டு வீழ்கிறது. ஒன்றில் கொடுமையின் சாயலைக் காண்போர், மற்றொன்றில் கொடுமைக்கு ஆளானோரைக் காண்கின்றனர். விலங்கு ஒன்றே, பொருள் வேறு. ஆகவே, குறியீட்டின் பொருள் அகராதியில் இல்லை. அது தோன்றிய காலத்திலும் இடத்திலும், ஓவியத்தின் பிற உறுப்புகளோடு அது கொள்ளும் உறவிலும் உள்ளது.

குறியீட்டைப் படிக்கும் முறை

ஓர் ஓவியத்தின் முன் நிற்கும்போது, ‘இதன் பொருள் என்ன?’ என்று உடனே வினவுதல் வேண்டா. முதலில், கண்ணில் படுவன யாவை எனப் பொறுமையோடு காணவேண்டும். அடுத்து, இயல்புக்கு மாறாக அமைந்தது எது என நோக்கவேண்டும். உடலுக்குள் தூண், உடலுக்கு வெளியே இதயம், நிறமற்ற நெருப்பு ஆகியன நம்மை நிறுத்தி வினவச் செய்யும் இடங்கள். பின்னர், மீண்டும் மீண்டும் வருவது எது, எதிரெதிராக நிற்பன யாவை என ஆராயலாம். இறுதியாக, ஓவியரின் வாழ்வையும் அக்காலச் சூழலையும் அறிந்து நம் பொருள்கோளைச் சரிபார்க்க வேண்டும். இவ்வரிசை மாறினால், வரலாற்றுச் செய்தியை ஓவியத்தின்மீது ஒட்டுவதாகவே நம் வாசிப்பு முடியும்.

இங்கு ஒரு வினாவும் எழும். துயரத்தை அழகிய வடிவமாக்குதல் அத்துயரத்தை மதிப்பதாகுமா? நேரடிக் காட்சி அதிர்ச்சி தரும். பன்முறை கண்டபின் கண் அதற்குப் பழகிவிடும். குறியீடோ காண்பவரைச் சிந்திக்கச் செய்து, துயரத்தின் காரணத்தைத் தேடவைக்கிறது. துன்புற்றவரைக் காட்சிப்பொருளாக்காமல் அவருடைய மாண்பைக் காக்கவும் செய்கிறது. அதே வேளையில், குறியீட்டின் அழகில் மயங்கி, அதன் பின்னுள்ள மனிதரை மறந்துவிடும் இடரும் உண்டு. குவெர்னிகாவின் கோடுகளை வியப்பவர், அன்று சந்தைக்கு வந்து வீடு திரும்பாதவர்களை மறத்தலாகாது.

பிரிடா காலோ தம் இறுதி நாள்களில், அறுத்து வைத்த தர்ப்பூசணிப் பழங்களை வரைந்த ஓவியம் ஒன்றில், வாழ்க்கை வாழ்க எனப் பொருள்படும் ஸ்பானியச் சொற்களைப் பொறித்தார். சில நாள்களில், 1954ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள், அவர் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டிலேயே அவரது வலக்கால் அகற்றப்பட்டிருந்தது. காயத்தின் சிவப்பை அவ்வளவு காலம் தீட்டிய தூரிகை, இறுதியில் பழத்தின் சிவப்பைத் தீட்டியது. வலியைப் பிறர் அறியத்தக்க வடிவமாக மாற்ற முடிந்த மனிதர், அவ்வலிக்கு முற்றும் அடிமையாவதில்லை. தனிமனிதர்க்கும் சமூகத்திற்கும் குறியீட்டுக்கலை தரும் வலிமை இதுவே ஆகும்.

கற்பவை கற்றபின்

1. மரபுக் குறியீடு, தனிக் குறியீடு ஆகியவற்றை இக்கட்டுரையில் வரும் ஓவியங்களைக் கொண்டு வேறுபடுத்திக் காட்டுக.

2. ‘காளை’ என்னும் குறியீடு இருவேறு ஓவியர்களிடம் பெறும் பொருள் வேறுபாட்டைக் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. நீங்கள் பயின்ற சங்கப் பாடல் ஒன்றில் அமைந்துள்ள உள்ளுறையைத் தேர்ந்து, அதனை ஓவியமாகத் தீட்டுக. சொல்லில் இருந்த எது வடிவத்தில் வெளிப்பட்டது, எது விடுபட்டது என்பதை ஒரு பத்தி அளவில் எழுதுக.

4. உங்கள் ஊர் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்றை, மனித உருவம் ஏதுமின்றி ஒரே பொருளின் வழியாக உணர்த்தும் படம் வரைந்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.